ஆண்டெனா டியூனர் அவசியமா?

ஹாம் ரேடியோ வைத்திருக்கும் வாலிபர்கள் சிலர், டியூனர் என்ற பெட்டியொன்று வாங்கிவிட்டால் ஏரியலின் குற்றமெல்லாம் தீர்ந்துபோகுமென்று நம்புகிறார்கள். மீட்டரின் ஊசி இறங்கினால் திருப்தியடைந்துவிடுகிறார்கள். நாமும் ஒருகாலத்தில் அப்படிக் காசைக் கொட்டினவர்கள்தான். ஆனால், 50 ஓம் டம்மி லோடை மாட்டினாலுந்தான் ஊசி 1-க்கு 1 என்று காட்டுகிறது. அதைக்கொண்டு எந்த ஊரோடு பேசினீர்கள்?

பெட்டி செய்வதெல்லாம் டிரான்ஸ்மிட்டருக்கு 50 ஓம் இருப்பதாகக் காட்டுவதுதான். பெட்டிக்கும் ஏரியலுக்கும் நடுவிலுள்ள கோஆக்ஸ் கேபிளில் அலைகள் முன்போலவே போய்த் திரும்புகின்றன. அந்த நஷ்டத்தைப் பெட்டி தீர்ப்பதில்லை. 7.1 மெகாஹெர்ட்ஸில் மட்டும் பேசுகிறவர், பக்கத்துக்குப் 10 மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தாமிரக்கம்பி கட்டி, மீட்டரைப் பார்த்துச் சிறிது சிறிதாக நறுக்கினால் போதும். குறடு செய்கிற வேலைக்குப் பெட்டி எதற்கு?

அப்படியானால் பெட்டி வீணா என்றால், அப்படியும் நாம் சொல்லவில்லை. இடமில்லாதவர் ஒரே கம்பியில் பல பாண்டுகளில் பேசவேண்டுமானால் அது வேண்டியதுதான். ஏனெனில், எதிரலை அதிகமானால் இக்கால டிரான்ஸ்மிட்டர்கள் பெரும்பாலும் தாமே சக்தியைக் குறைத்துக்கொள்ளுகின்றன. ஆனால் பெட்டியை மேஜைமேல் வைக்காமல் கம்பியின் அடியில் வைக்கவேண்டும். கேட்பதற்கு மட்டும் ரேடியோ வைத்திருப்பவரோ, அந்தப் பணத்துக்குக் கம்பி வாங்கி உயரமாய்க் கட்டட்டும்.