காக்ஸ் டவுனில் வீட்டுத் தரகரும் பதிவுச் சட்டமும்

பெங்களூர் கிழக்கு ரயில் நிலையத்தை அடுத்துள்ள காக்ஸ் டவுன், பிரிட்டிஷார் காலத்துக் கன்டோன்மென்ட் பகுதியின் விரிவாக்கமாக உருவானது. அன்றைய சிவில் மிலிட்டரி ஸ்டேஷனின் கலெக்டராக இருந்த ஏ. ஆர். காக்ஸ் என்பவரின் பெயரே இதற்கு அமைந்தது. 1898ஆம் ஆண்டின் பிளேக் நோய்க்குப் பிறகு, நெரிசல் மிக்க பழைய குடியிருப்புகளுக்கு வெளியே புதிய நகர்ப் பகுதிகள் வகுக்கப்பட்டன. பக்கத்திலுள்ள பிரேசர் டவுனுக்கு 1906இல் அடிக்கல் நாட்டப்பட்டதும் இவ்வகையிலேயே. தமிழ்க் குடும்பங்களும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் தலைமுறைகளாக வாழ்ந்த தோட்ட வீடுகள் இங்கு ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு, அடுக்கு வீடுகள் எழுகின்றன. இம்மாற்றத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் தவறாமல் காணப்படுபவர் ஒருவர் உண்டு. அவர்தான் வீட்டுத் தரகர்.

நெடுங்காலமாக இத்தொழிலுக்கு முதலீடாக இருந்தவை வாய்ச்சொல்லும் அறிமுகமும் மட்டுமே. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் முகவர்களைப் பற்றிய பொதுவான பிரிவுகள் உள்ளன. ஹரியானா மாநிலம் 2008இல் சொத்துத் தரகர்களுக்கெனத் தனிச்சட்டம் இயற்றியது. எனினும் நாடு முழுவதற்கும் பொருந்தும் ஏற்பாடு ஒன்று உருவாக 2016ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் பதிவு கட்டாயமாக இருந்த நாட்டில், ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சேமிப்பை ஒரே நாளில் கைமாற்றி வைப்பவருக்கு எந்தப் பதிவும் தேவைப்படாதிருந்தது வியப்பிற்குரியதே.

2016ஆம் ஆண்டு மார்ச் மாதம் நாடாளுமன்றத்தின் ஒப்புதலைப் பெற்ற வீட்டுமனை (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு) சட்டம், பொதுவழக்கில் ரேரா எனப்படுகிறது. முகவர் பதிவு தொடர்பான பிரிவுகள் 2017 மே முதல் தேதி நடைமுறைக்கு வந்தன. கர்நாடக அரசு தன் விதிகளை அதே ஆண்டு ஜூலையில் வெளியிட்டது. மக்கள் இதனை 'லைசென்ஸ்' என்று அழைத்த போதிலும், சட்டம் பேசுவது பதிவைப் பற்றியே. இவ்வேறுபாடு சொல்லளவில் நிற்பதன்று என்பது பின்னர் விளங்கும்.

பதிவு பெறும் முறை எளிதானதே. விண்ணப்பதாரர் மாநில ஒழுங்குமுறை ஆணையத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். நிரந்தரக் கணக்கு எண் அட்டை, புகைப்படம், தொழில் நடத்தும் முகவரிக்குரிய சான்று, கடந்த மூன்று ஆண்டுகளின் வருமான வரிக் கணக்கு ஆகியவை இணைக்கப்பட வேண்டும். கணக்குத் தாக்கல் செய்யும் அவசியம் இல்லாதிருந்தவர் அவ்வாறு உறுதிமொழி அளிக்கலாம். கர்நாடக விதிகளின்படி கட்டணம் தனி நபருக்கு 25,000 ரூபாய். நிறுவனங்களுக்கு 2 லட்சம் ரூபாய். பதிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். மாநிலம் முழுவதற்கும் ஒரே பதிவு போதுமானது. குறிப்பிட்ட காலக்கெடுவிற்குள் குறையோ மறுப்போ தெரிவிக்கப்படாவிட்டால், விண்ணப்பதாரர் பதிவு பெற்றவராகவே கருதப்படுவார் என்று சட்டத்தின் 9ஆம் பிரிவு கூறுகிறது. கோப்புகள் உறங்கும் இடங்களை நன்கு அறிந்தவர்களே இவ்வாசகத்தை வரைந்திருக்க வேண்டும்.

பதிவு பெற்றவரின் கடமைகளை 10ஆம் பிரிவு வகுக்கிறது. ஆணையத்தில் பதிவு செய்யப்படாத திட்டத்தின் மனையையோ வீட்டையோ அவர் விற்றுக் கொடுத்தல் ஆகாது. கணக்கேடுகளும் ஆவணங்களும் முறையாக வைத்திருக்க வேண்டும். இல்லாத வசதிகளை இருப்பதாகக் கூறக் கூடாது. முன்பதிவின்போது வாங்குபவருக்கு உரிய தகவல்களும் ஆவணங்களும் கிடைக்கச் செய்ய வேண்டும். இவற்றை மீறினாலும், பதிவின்றித் தொழில் செய்தாலும், நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் உண்டு. அது விற்பனைக்கு உதவிய வீட்டின் விலையில் 5 சதவிகிதம் வரை உயரலாம். தரகு விகிதத்தைச் சட்டம் நிர்ணயிக்கவில்லை. அது இன்றும் பேச்சு வார்த்தைக்கு உரியதே.

சட்டத்தின் எல்லையைக் காக்ஸ் டவுனில் வைத்துப் பார்த்தால், அது எவ்வளவு குறுகியது என்பது தெரிய வரும். பதிவு பெற்ற திட்டம் ஒன்றில், அதன் மேம்பாட்டாளர் விற்கும் மனைக்கோ வீட்டிற்கோ முகவராக இருப்பவருக்கே பதிவு கட்டாயம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்தில் எழும் கட்டடமும், எட்டு வீடுகளுக்கு மேற்படாத கட்டடமும் திட்டப் பதிவிலிருந்தே விலக்குப் பெற்றவை. அறுபதுக்கு எண்பது அடி மனை ஒன்றின் பரப்பு 4,800 சதுர அடி, அதாவது சுமார் 446 சதுர மீட்டர். பழைய தோட்ட வீட்டை இடித்து இத்தகைய மனையில் கட்டப்படும் அடுக்கு வீடு சட்டத்தின் வலைக்கு வெளியே நிற்கிறது. உரிமையாளர் ஒருவர் தம் பழைய வீட்டைப் பிறிதொருவருக்கு விற்பதும் அவ்வாறே. வாடகையோ அறவே இச்சட்டத்தில் இல்லை. ஆகவே காக்ஸ் டவுன் தரகரின் அன்றாடத் தொழிலில் பெரும்பகுதிக்கு இப்பதிவு தேவைப்படுவதில்லை. ஹென்னூர் சாலையிலும் அதற்கப்பாலும் எழும் பெரிய திட்டங்களுக்கு ஆள் அழைத்துச் செல்லும்போதுதான் அது அவசியமாகிறது.

கட்டணத்தின் பொருளாதாரமும் இதையே காட்டுகிறது. 25,000 ரூபாயை அறுபது மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் சுமார் 417 ரூபாய் ஆகிறது. 80 லட்சம் ரூபாய் வீடு ஒன்றை ஒரு சதவிகிதத் தரகிற்கு முடித்துக் கொடுத்தால் வருவது 80,000 ரூபாய். திட்டங்களில் ஈடுபடுபவருக்கு இக்கட்டணம் ஒரு பொருட்டன்று. ஒரு மாத வாடகையைத் தரகாகப் பெற்று வாழ்பவருக்கோ அதைச் செலுத்த வேண்டிய காரணமே இல்லை.

பதிவிற்கு வெளியே உள்ள இத்தொழிலில் ஆபத்துக் குறைவு என்று கருதுவது தவறாகும். பெங்களூரில் 'லீஸ்' என்று வழங்கும் முறை தமிழ்நாட்டின் ஒத்தியை ஒத்தது. குடியிருப்பவர் பெருந்தொகை ஒன்றை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றி இரண்டு மூன்று ஆண்டுகள் வசிப்பார். காலம் முடிந்ததும் தொகை திருப்பித் தரப்பட வேண்டும். வாடகை மிச்சமாகிறது என்ற எண்ணத்தில் நகைகளை விற்றும் வருங்கால வைப்பு நிதியிலிருந்து எடுத்தும் இத்தொகையைத் திரட்டும் குடும்பங்கள் பல. அவ்வீடு முன்னரே வங்கியில் ஈடு வைக்கப்பட்டிருந்து, உரிமையாளர் தவணை தவறினால், 2002ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி வங்கி அவ்வீட்டைக் கைப்பற்ற முடியும். அடமானத்திற்குப் பின், பதிவு செய்யப்படாத உடன்படிக்கையின் பேரில் குடி வந்தவருக்கு அந்நிலையில் கிடைக்கும் பாதுகாப்பு மிகச் சொற்பம். வீடும் போய், பணமும் போகும். பத்திரங்களை வங்கியில் ஒப்படைத்துப் பெறும் கடன், வில்லங்கச் சான்றில் எப்போதும் தெரிவதில்லை. இதற்கெனவே 2011இல் மத்தியப் பதிவகம் ஒன்று நிறுவப்பட்டது. செர்சாய் என்னும் சுருக்கப் பெயரால் அறியப்படும் இப்பதிவகத்தில், சிறு கட்டணம் செலுத்தி எவரும் அடமான விவரத்தைத் தேடலாம். லீஸ் பேசும் தரகர் இத்தேடலைச் செய்து கொடுத்தால், அவர் பெறும் தரகிற்கு நியாயம் உண்டு.

வாடகைத் தரகருக்குச் சட்டமே இல்லை என்பதும் சரியன்று. 1999ஆம் ஆண்டு கர்நாடக வாடகைச் சட்டம், இடைத்தரகர்களும் எஸ்டேட் ஏஜெண்டுகளும் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதிக்கிறது. ரேராவிற்குப் பல ஆண்டுகள் முந்திய இந்த ஏற்பாட்டை அறியாதவர் தரகர்களிடையே மட்டுமா இருக்கின்றனர்? அலுவலர்கள் இவ்வினாவைத் தங்களுக்கே கேட்டுக்கொள்வது நல்லது.

இனித் தகுதியைப் பற்றி. ரேரா சட்டம் முகவருக்குக் கல்வித் தகுதி எதையும் நிர்ணயிக்கவில்லை, தேர்வும் விதிக்கவில்லை. பதிவுச் சான்றிதழ், இவர் யார், எங்கிருக்கிறார் என்று கூறுமேயன்றி, இவருக்கு என்ன தெரியும் என்று கூறாது. காக்ஸ் டவுன் போன்ற பழைய பகுதியில் தெரிந்திருக்க வேண்டியவையோ ஏராளம். மூலப் பத்திரத்திலிருந்து இன்றைய உரிமையாளர் வரை உரிமைச் சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றில் 15ஆம் படிவம் பரிவர்த்தனைகளைக் காட்டுவது. 16ஆம் படிவம் ஏதுமில்லை என்பது. மாநகராட்சிச் சொத்துப் பதிவேட்டின் பதிவான கத்தாவில் 'ஏ' வகைக்கும் 'பி' வகைக்கும் உள்ள வேறுபாடு, கடன் கிடைப்பதையும் கட்டட அனுமதியையும் பாதிக்கும். கத்தா வரி செலுத்துவதற்கான பதிவு. அது மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது. 2024 முதல் பெங்களூரில் கிரயப் பதிவிற்கு மின்னணுக் கத்தா கேட்கப்படுகிறது. 2025 செப்டம்பரில் பழைய மாநகராட்சிக்குப் பதிலாக ஐந்து மாநகராட்சிகள் அமைந்ததால், எந்த அலுவலகத்தை அணுகுவது என்பதையும் தரகர் அறிந்திருக்க வேண்டியுள்ளது.

வாரிசுரிமை இன்னும் சிக்கலானது. ஒரே தெருவில் இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்கள் வசிக்கும்போது, மூன்று வகை வாரிசு முறைகள் அடுத்தடுத்த வீடுகளுக்குப் பொருந்துகின்றன. 2005ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்கும் பிறப்புரிமை உண்டு. அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் கிரயம் வழக்கிற்கு அழைப்பாகும். வெளிநாட்டில் குடியேறிய பங்குதாரர் பவர் அளித்திருப்பின், அது செல்லுபடியாகிறதா என்று பார்க்க வேண்டும். பொது அதிகாரப் பத்திரத்தின் மூலம் மட்டும் நடக்கும் விற்பனை உரிமையை மாற்றாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியுள்ளது. இவற்றில் வழக்கறிஞரின் கருத்தே இறுதியானது. ஆனால் வழக்கறிஞரிடம் போகும் முன்பே முன்பணம் கைமாறி விடுகிறது. அந்த முன்பணத்தைக் கைமாற்றி வைப்பவர் தரகர்.

மகாராஷ்டிர ஆணையம் 2023இல் முகவர்களுக்குப் பயிற்சியையும் தேர்வையும் கட்டாயமாக்கியது. சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த எஸ்டேட் முகவர் மன்றம், தேர்வில் தேறி உரிமம் பெற்ற நிறுவனத்தில் சேர்ந்தவரையே முகவராகப் பதிவு செய்கிறது. எந்தச் சொத்தின் விற்பனையிலும், அரசு அடுக்கு வீடுகளின் வாடகைப் பேரங்களிலும் வாடிக்கையாளரின் பரிவர்த்தனைப் பணத்தை முகவர் தொடுவதற்கே அங்குத் தடை உண்டு. இந்த ஒரு விதி பெங்களூரின் லீஸ் பேரங்களுக்கு வந்தால், தொகை வங்கி வழியே நேராக உரிமையாளரைச் சேரும். இடையில் நிற்கும் தொல்லை குறையும்.

இத்தொழிலை நாடும் பட்டதாரிகள் கணக்கு விஷயங்களையும் மறக்கலாகாது. ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் சரக்கு மற்றும் சேவை வரிப் பதிவு வேண்டும். தரகிற்கு வரி 18 சதவிகிதம். 2020 டிசம்பர் அறிவிக்கையின்படி, 20 லட்சமும் அதற்கு மேலும் ஆண்டு வருவாயுள்ள முகவர்கள் கறுப்புப் பணப் பரிமாற்றத் தடைச் சட்டத்தின் கீழும் வருகின்றனர். வாடிக்கையாளரின் அடையாள ஆவணங்களைச் சரிபார்த்து வைத்திருப்பது அவர்களின் கடமை.

கர்நாடகத்தில் தேர்வு ஒன்று ஏற்படுத்தப்படுமாயின், அது கன்னடத்துடன் தமிழிலும் உருதுவிலும் எழுத வாய்ப்பளிப்பதாக இருக்க வேண்டும். இப்பகுதியில் பேரம் நடப்பது அம்மொழிகளில்தான். அதுவரை, புதிய திட்டத்தில் வீடு வாங்குபவர் முகவரின் பதிவு எண்ணைக் கேட்டு, ஆணையத்தின் இணையதளத்தில் கட்டணமின்றிச் சரிபார்க்கலாம். திட்டத்தின் பதிவு எண்ணையும் அங்கேயே காணலாம்.