கொமோடோத் தீவும் கிங் கொங்கும்

படம் பிடிக்கும் குழுவொன்று கப்பலேறிச் சென்று, தேசப்படத்திற் காணாத தீவொன்றை அடைகின்றது. அங்கே வானளாவிய மதில். மதிலுக்கப்பால் இருண்ட காடு. காட்டினுள்ளே கொங் என்னும் பேருருவான மனிதக் குரங்கு. படத் தயாரிப்பாளர் அதனைப் பிடித்து நியூயோர்க்கிற்குக் கொணர்ந்து, கட்டணம் பெற்று மேடையிற் காட்டுகின்றார். அது தளையறுத்து, எம்பயர் ஸ்ரேற் மாளிகையின் உச்சியில் ஏறி நின்று, விமானங்களாற் சுடப்பட்டு வீழ்ந்து மடிகின்றது. 1933 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் முதன்முதலாகக் காட்டப்பெற்ற 'கிங் கொங்' படத்தின் கதை இது. கதை கற்பனையே. ஆயினும் அக்கற்பனைக்கு வித்திட்ட உண்மைத் தீவொன்று உண்டு; படப்பெட்டியுடன் அங்கு சென்ற குழுவொன்றும் உண்டு.

கிழக்கு இந்தோனேசியாவில், சும்பாவா, புளோரெஸ் என்னும் தீவுகளுக்கிடையே கிடப்பது கொமோடோ. மரஞ்செறிந்த இருட்காட்டை எதிர்பார்த்து அங்கு செல்வோர் ஏமாற்றமடைவர். வெயிலிற் காய்ந்த புற்குன்றுகளும், யாழ்ப்பாணத்தவர் நன்கறிந்த அதே பனைமரமுமே அங்கு மிகுதி. அத்தீவின் புகழ்பெற்ற பிராணியும் இலங்கை நேயர்களுக்கு முற்றிலும் புதியதன்று. கபரகொய்யாவின் இனத்தைச் சேர்ந்த உடும்புதான் அது. ஆனால் ஏறக்குறைய 10 அடி நீளம் வரை வளர்வது. மானையும் எருமையையும் வீழ்த்த வல்லது. யாவாவிலிருந்த நூதனசாலையொன்றைச் சேர்ந்த பீற்றர் ஔவன்ஸ் 1912 இல் அதனை விஞ்ஞான உலகிற்கு அறிவித்தார்.

கொமோடோ மக்களுக்கோ எவரும் அறிவிக்க வேண்டியிருக்கவில்லை. அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை வேறு. நாக இளவரசி ஒருத்தி இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றாள். ஒன்று ஆண் மகவு. மற்றது உடும்புருவான பெண். மகன் ஊரில் வளர்ந்தான். மகள் காட்டில் வளர்ந்தாள். வேட்டைக்குச் சென்ற மகன், தான் வீழ்த்திய மானைத் தின்ன வந்த பேருடும்பின்மீது ஈட்டியை ஓங்கினான். அவ்வேளை தாய் தோன்றி, "கொல்லாதே, அவள் உன்னுடன் பிறந்தவள்" என்று தடுத்தாள். ஓரா என்பது அவள் பெயர். இன்றும் அவ்வுடும்பிற்கு அங்கு வழங்கும் பெயரும் அதுவே. வேட்டையிற் கிடைத்த மானில் ஒரு பங்கை ஓராவிற்கென விட்டுவருவது அம்மக்களின் பழைய வழக்கம். பூதக்கதை என்று இதனைச் சொல்லுதல் பொருந்தாது. உறவுமுறைக் கதை என்பதே சரி.

1926 இல் டக்ளஸ் பேர்டன் என்னும் அமெரிக்கச் செல்வர் தம் மனைவி கதரினுடன் அங்கு சென்றார். ஊர்வன பற்றி ஆராயும் டன் என்பவரும், டெஃபோஸ் என்னும் பிரெஞ்சு வேட்டைக்காரரும், சீனப் படப்பிடிப்பாளர் ஒருவரும் உடன் சென்றனர். இறைச்சியை இரையாக வைத்து, கிளைகளால் மறைவிடம் அமைத்து, உடும்புகள் உண்பதைப் படமாக்கினர். ஒருநாள் கதரின் தனித்திருந்த வேளையில் பேருடும்பொன்று மிக நெருங்கி வரவே, டெஃபோஸ் அதனைச் சுட்டார். பொறியில் அகப்பட்ட மற்றொன்று, கூட்டின் கம்பிவலையைப் பிய்த்து இரவோடிரவாகத் தப்பியது. இறுதியிற் பன்னிரண்டு உடல்களும் உயிருள்ள இரண்டு உடும்புகளும் அமெரிக்கா போய்ச் சேர்ந்தன. உயிருள்ளவற்றைக் காண நியூயோர்க் விலங்குக் காட்சிச்சாலையில் மக்கள் திரண்டனர். அவை அங்கு நெடுங்காலம் வாழவில்லை.

பேர்டனின் நண்பர் மெரியன் கூப்பர். இவர் ஏர்னெஸ்ற் ஷூட்சாக்குடன் சேர்ந்து சீயம் நாட்டுக் காட்டில் 'சாங்' என்னும் படத்தை எடுத்து, 1927 இல் வெளியிட்டவர். உடும்புகளின் முடிவைப் பேர்டன் சொல்லக் கேட்டதே கொங்கின் முடிவைத் தீர்மானித்தது என்று கூப்பர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். மெய்யான மனிதக் குரங்கையும் கொமோடோ உடும்பையும் வைத்தே படமெடுக்க முதலிற் கூப்பர் எண்ணினார். செலவு இடந்தரவில்லை. ஆகவே வில்லிஸ் ஓபிரையன் என்னும் கலைஞர் துணைவந்தார். ஏறக்குறைய 18 அங்குல உயரமான பாவை, உலோக எலும்புக்கூடு, மேலே இறப்பரும் முயல்தோலும். சிறிது அசைத்து ஒரு படம், மீண்டும் சிறிது அசைத்து மற்றொரு படம் என, ஒரு விநாடிக் காட்சிக்கு 24 படங்கள் வேண்டியிருந்தன. கொங்கின் மயிர் காற்றில் அலைவதுபோலத் தோன்றுவதற்குக் காரணம் காற்றன்று. பாவையைத் தொட்டசைத்த விரல்களின் சுவடே. கொங்கைச் சுட்டு வீழ்த்தும் விமானத்திற் கூப்பரும் ஷூட்சாக்குமே நடித்திருப்பது கவனிக்கத்தக்கது.

படத்தின் வேலைப்பாடு வியக்கத்தக்கதே. தீவு மக்களை அது காட்டும் விதத்தை அவ்வாறு புகழ முடியாது. சுமாத்திராவுக்கு மேற்கே உள்ளதாகச் சொல்லப்பட்ட தீவின் குடிகளாக ஆபிரிக்க அமெரிக்க நடிகர்கள் கூச்சலிட்டு ஆடுகின்றனர். விலங்கிற்குப் பெண்ணைப் பலியிடுவோராக அவர்கள் தோன்றுகின்றனர். உடும்பைச் சகோதரியென்று கொண்ட மரபின் சாயல் ஒன்றுகூட அங்கில்லை.

1980 இல் கொமோடோ தேசியப் பூங்காவாயிற்று. 1991 இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. உடும்பிற்குப் பாதுகாப்புக் கிடைத்தது, மான்வேட்டை தடுக்கப்பட்டது, அதனுடன் மான்பங்கு வைக்கும் வழக்கமும் தளர்ந்தது. 2019 இல் மாகாண ஆளுநர் தீவை மூடி, கிராமத்தவரை வெளியேற்றும் எண்ணத்தை அறிவித்தார். கிராமத்தவர் எதிர்த்தனர். அவ்வாண்டு முடியுமுன்னரே மத்திய அரசு அதனைக் கைவிட்டது. கடற்கரையோரம் தூண்களின்மேல் எழுந்த வீடுகளில் அவர்கள் தொடர்ந்து வாழ்கின்றனர். மரத்தில் ஓராவைச் செதுக்கி, கப்பலில் வந்திறங்குவோருக்கு விற்கின்றனர்.