கூடாப்பில் குடிபுகும் பூச்சிகள்



தை பிறந்து சம்பா அறுவடையும் முடிந்த பிறகு தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி நோக்கியோ திருவாரூர் நோக்கியோ செல்பவர்கள், சாலையின் இருமருங்கும் செம்மறியாட்டு மந்தைகளைக் காண்பார்கள். இவற்றுள் பல காவிரிக்கரையில் பிறந்த ஆடுகள் அல்ல. இராமநாதபுரம், சிவகங்கைச் சீமைகளின் வறண்ட மேய்ச்சல் நிலங்களிலிருந்து கீதாரிகள் நடத்தியே ஓட்டி வந்தவை. பகலில் அரிதாளுக்கிடையே மேயும். இரவில் வலையோ தட்டியோ கட்டி ஒரு வயலில் அடைக்கப்படும். இதையே கிடை மறித்தல் என்கிறோம். புழுக்கையும் சிறுநீரும் வயலிலேயே விழுந்து எருவாகின்றன. வயலுக்குடையவர் அதற்குக் கூலி தருகிறார். ‘ஆட்டெரு அவ்வருஷம், மாட்டெரு மறுவருஷம்’ என்பது நம் உழவர்கள் வைத்திருக்கும் கணக்கு.

கிடையினால் வயலுக்கு விளையும் நன்மையைப் பற்றிப் பலர் பேசியிருக்கிறார்கள். நான் இன்று பேச எடுத்துக்கொண்டது வயலின் ஓரத்தில் கவிழ்த்து வைத்திருக்கும் கூடாப்பைப் பற்றி. கூண்டு வண்டியின் கூண்டை மட்டும் தனியே எடுத்துத் தரையில் வைத்தாற்போன்ற தோற்றம் உடையது அது. மரச் சிம்புகளை வளைத்து மேலே பனையோலை வேய்ந்திருப்பார்கள். ஆட்கள் சேர்ந்து தூக்கி அடுத்த வயலுக்குக் கொண்டு போய்விடலாம். இளங்குட்டிகளை இதற்குள்தான் அடைப்பார்கள். மழையென்றால் மனிதரும் இதற்குள்தான் ஒதுங்க வேண்டும். பாய், கோணிச் சாக்கு, அரிசிப் பை, கைக்குழந்தை எல்லாவற்றிற்கும் இடம் இதுவே. காவல் நாய் இதன் வாயிலில் படுத்திருக்கும்.

மேல்நாடுகளில் குதிரைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகள் உண்டு. அவற்றுள் சிலவற்றில் முன்பகுதியைத் தடுத்து, படுக்கையும் அடுப்பும் வைத்து, மனிதர் தங்கும் அறையாக அமைத்திருப்பார்கள். தடுப்புக்கு அப்பால் குதிரை, இப்பால் குதிரைக்காரர். விலையிலும் வசதியிலும் அதற்கும் நம் கூடாப்புக்கும் ஒப்பே கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் இரண்டும் ஒன்று. விலங்கும் மனிதனும் ஒரு கூரையின் கீழ் உறங்க, அந்தக் கூரையே ஊர் ஊராகப் பயணம் செய்கிறது. அங்கே குடியேறும் பூச்சிகளை எப்படி வெளியேற்றுவது என்ற கேள்வி இருவருக்கும் பொது. நிலையான வீட்டுக்குச் சொல்லும் விடை இங்கே முழுவதும் பொருந்தாது.

முதலில் தெள்ளுப்பூச்சியை எடுத்துக் கொள்வோம். வளர்ந்த தெள்ளு ஆட்டின்மீதோ நாயின்மீதோ இருந்து இரத்தம் குடிக்கிறது. அது இடும் முட்டைகள் வழுவழுப்பானவை. மயிரில் ஒட்டிக்கொண்டிராமல் தரையில் உதிர்ந்து விடும். சில நாட்களில் நூல் போன்ற புழுக்கள் வெளிவருகின்றன. புழுக்கள் கடிப்பதில்லை. தரையிலுள்ள குப்பையையும், வளர்ந்த தெள்ளுகள் கழித்த காய்ந்த இரத்தத் துகளையும் தின்று வளர்கின்றன. பின்பு கூடு கட்டிக்கொண்டு உறங்குகின்றன. அருகில் ஒரு விலங்கு நடக்கும் அதிர்வும், அதன் உடற்சூடும் பட்டால் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே குதிக்கின்றன. நெடுநாள் பூட்டிக் கிடந்த கொட்டிலுக்குள் நுழைந்தவுடன் கால் முழுவதும் தெள்ளு ஏறுவதன் இரகசியம் இதுதான். முட்டையிலிருந்து வளர்ந்த பூச்சியாவதற்கு நம் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்று நான்கு வாரங்கள் தேவை. புழுப் பருவத்தில் காற்றில் ஈரப்பசை வேண்டும். காய்ந்த மண்ணில் அது பிழைக்காது.

இப்போது கிடையின் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். இரண்டொரு இரவுக்கு ஒருமுறை கிடை இடம் மாறுகிறது. உதிர்ந்த முட்டைகள் பங்குனி, சித்திரை வெயிலில் வெடித்துக் கிடக்கும் வயலிலே தங்கி விடுகின்றன. முட்டை பூச்சியாகும் நாளில் ஆடு மூன்று ஊர் தாண்டியிருக்கும். வயலுக்கு எருவிடுவதற்காக ஏற்பட்ட வழக்கம், யாரும் திட்டமிடாமலே, தெள்ளின் வாழ்க்கைச் சக்கரத்தையும் அறுத்து விடுகிறது. கிடையை ஒரே இடத்தில் அதிக நாள் விட்டால் ஆடுகள் இரவெல்லாம் காலை உதைத்துக்கொண்டு படுக்காமல் நிற்கும் என்று முதிய கீதாரி ஒருவர் என்னிடம் சொன்னதுண்டு. கால்நடை மருத்துவ வகுப்பில் பூச்சியின் பருவங்களைக் கரும்பலகையில் வரைந்து நான் விளக்கியதை அவர் ஆடுகளின் காலைப் பார்த்தே அறிந்திருந்தார்.

உண்ணியின் கதையும் ஓரளவு இப்படித்தான். எட்டுக் கால்கள் இருப்பதால் அதைப் பூச்சியினத்தில் சேர்ப்பதில்லை. சிலந்திக்கு உறவு அது. ஆனால் தொல்லையைப் பற்றிப் பேசும்போது கால்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இரத்தம் குடித்து ஆமணக்குக் கொட்டைபோல் உப்பிய பெண் உண்ணி ஆட்டிலிருந்து கீழே விழுந்து, வெடிப்பிலும் மரத்தின் வேரிடுக்கிலும் புகுந்து, ஆயிரக்கணக்கில் முட்டையிட்டு மடிகிறது. வயலில் விழுந்தவற்றுக்கு எதிர்காலம் இல்லை. உழுது, வாரக்கணக்கில் நீர் கட்டிச் சேறாக்கும் நிலத்தில் அவை பெருக முடியாது. நடுப்பகலில் ஆடுகள் நாள்தோறும் ஒதுங்கும் புளியமரத்தடியோ தோப்போதான் ஆபத்தான இடம். கிடையை மாற்றுகிறவர்கள் பகல் நிழலை மாற்றுவதில்லை. சென்ற வாரம் விழுந்த உண்ணிக்கு இந்த வாரமும் விருந்து அங்கேதான் காத்திருக்கிறது.

உண்ணி உறிஞ்சும் இரத்தத்தோடு போகட்டும் என்று விட முடியாது. அமெரிக்காவில் மாடுகளைக் கொன்றுவந்த டெக்ஸாஸ் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று தியோபால்ட் ஸ்மித்தும் கில்போர்னும் 1893இல் நிறுவினார்கள். மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பை ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்தில் கண்டது 1897இல்தான். நம் அண்டை மாநிலத்தின் கியாசனூர்க் காட்டில் 1957இல் குரங்குகளும் மனிதரும் மாண்ட காய்ச்சலும் உண்ணியால் பரவியதே. ஆகவே, குட்டியின் காதிலிருந்து உண்ணியைப் பிடுங்கி விரல் நகத்தில் நசுக்கும் பழக்கத்தை விட வேண்டும். சிறு சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, மண்ணெண்ணெய் ஊற்றிய டப்பாவில் போட்டு மூடுவதே சரி.

தரையில் விழும் பகைவன் பின்தங்கி விடுகிறான். கூடாப்பின் மடிப்புகளில் ஒளிகிற பகைவனோ கூடவே பயணம் செய்கிறான். சிம்பும் ஓலையும் சேருமிடம், கயிற்று முடிச்சு, பாயின் விளிம்பு, சாக்கின் தையல் இவைதாம் மூட்டைப்பூச்சியின் சத்திரங்கள். அது முட்டையை உதிர விடுவதில்லை. இடுக்கில் பசைபோல் ஒட்டி வைக்கிறது. பல வாரங்கள், ஏன், மாதக்கணக்கில்கூட உணவின்றிக் காத்திருக்க வல்லது. நாய் உண்ணியும் இப்படியே இடுக்கில் ஏறி ஒளியும். அந்த நாயைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆடுகளுக்கு மருந்து போட்டு நாயை மறந்து விடுகிறவர்களே அதிகம். கிடையிலும் படுத்து, கூடாப்பிலும் படுத்து, இடையில் ஊர்த்தெருவுக்கும் சென்று வருகிற ஒரே பிராணி அதுதான். தெள்ளுக்கும் உண்ணிக்கும் அது ஓர் இலவச வாகனம்.

இங்கே மருந்தின் பேச்சு வருகிறது. 1939இல் பால் முல்லர் டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலைக் கண்டறிந்து, 1948இல் நோபல் பரிசும் பெற்றார். பூச்சியின் காலம் முடிந்தது என்றே உலகம் எண்ணியது. ஆனால் ஹவாய்த் தீவில் 1947இலேயே அந்த மருந்துக்கு அடங்காத மூட்டைப்பூச்சிகள் தோன்றி விட்டன! நம் நாட்டில் உழவர் வீடுகளிலெல்லாம் கிடந்த பி.எச்.சி. தூள் 1997இல் தடை செய்யப்பட்டது. இன்று ஆட்டுக்கென்று வேறு மருந்துகள் விற்கிறார்கள். அளவறிந்து நீரில் கலந்து ஆட்டின்மேல் தெளிப்பதற்குரியவை அவை. மீந்த கரைசலைக் கூடாப்புக்குள் தெளித்துவிட்டு அன்றிரவே அதற்குள் குழந்தையைக் கிடத்துவதை நான் கண்டிருக்கிறேன். நெல்லுக்கு அடிக்கும் மருந்தை வயற்காரரிடம் கேட்டு வாங்கித் தெளிப்பது அதனினும் கொடுமை. குனிந்து நுழைய வேண்டிய அந்தக் குறுகிய இடத்தில் தங்கும் நஞ்சு பூச்சியை மட்டும் தேடிச் செல்வதில்லை. வேப்பிலைப் புகையையும் உள்ளே போடலாகாது. புகை பூச்சியை விரட்டுமேயன்றிக் கொல்லாது. குழந்தையின் நெஞ்சுக்கும் ஆகாது. வெளியே, காற்று வரும் திக்கில் மூட்டம் போடுவதே முறை.

பின் என்னதான் செய்வது? கீதாரியிடம் காசில்லாமல் கிடைப்பது வெயில். ஐம்பது டிகிரி சென்டிகிரேடு அளவு சூடு நிலைத்து நின்றால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாகும். பாயை வெறுமனே விரித்தால் போதாது. வெயில் படும் பக்கத்திலிருந்து நிழல் பக்கத்துக்கு அது நடந்து விடும். கறுப்புப் பிளாஸ்டிக் தாளில் பாயையும் சாக்கையும் பரப்பி, மேலேயும் மூடி, ஓரங்களில் மண் போட்டு, சித்திரை வெயிலில் ஒரு பகல் முழுதும் விட வேண்டும். இடையில் ஒருமுறை புரட்ட வேண்டும். சிம்பின் இடுக்குகளுக்குக் கொதிநீர் போதும். கிடை மாற்றும் நாளில் கூடாப்பைத் தூக்குமுன் அந்த இடத்திலேயே தட்டி உதறுவது நல்லது. புது வயலுக்குக் கொண்டு போய் உதறுவதில் பொருளில்லை.

வேப்பிலை, வேப்பம்பழம், பூண்டு, மஞ்சள், வசம்பு, துளசி, உண்ணிச்செடி இலை இவற்றை அரைத்து வடிகட்டி ஆட்டின்மீதும் இடுக்குகளிலும் தெளிக்கும் முறையை மரபு வழிக் கால்நடை மருத்துவத்தை ஆய்ந்தவர்கள் பரப்பி வருகிறார்கள். மீண்டும் மீண்டும் தெளிக்க வேண்டியிருப்பது அதன் குறை. இதில் வசம்பு தஞ்சைக்குப் புதியதன்று. சரசுவதி மகால் நூல்நிலையத்தில் ஓலைச்சுவடிகளைப் பூச்சி அணுகாதபடி காக்கும் பொட்டணத்தில் வசம்புத் தூளும் ஒரு சரக்கு. அரண்மனை ஓலைக்கும் கூடாப்பு ஓலைக்கும் ஒரே மருந்து என்பதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

இன்னொரு பகைவனை மேற்சொன்ன எதுவும் தடுக்காது. கொசுவினும் மிகச் சிறிய கியூலிகாய்டிஸ் என்னும் கடிப்பூச்சி அது. சாணம் கலந்த ஈரச் சேற்றில் பெருகி, அந்தி முதல் விடியல் வரை கடிக்கிறது. செம்மறியாட்டின் நாக்கும் உதடும் வீங்கி, வாய் புண்ணாகி, கால் நொண்டி மாளும் நீலநாக்கு நோயை இதுவே பரப்புகிறது. 1964இல் இந்தியாவில் இந்நோய் முதன்முதலாகப் பதிவாயிற்று. 1997-98இல் தமிழ்நாட்டு மந்தைகளைக் கடுமையாக வாட்டியது. கூடாப்பின் ஓலை இடுக்கு வழியே நுழையும் இந்தப் பூச்சிக்குக் கொசுவலையின் கண்ணும் பெரிய வாசல்தான். ஈரத் தாழ்விடத்தை விட்டு, காற்றோட்டமுள்ள மேட்டில் கிடை போடுவது ஒரு காப்பு. தடுப்பூசி மற்றொரு காப்பு. நோய் மிகுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையையொட்டி என்பதால், மழைக்கு முன்பே ஊசி போட்டாக வேண்டும்.

வழக்கப்படி மேட்டூர் அணை திறக்கும் நாள் ஜூன் 12. நீர் வருமுன் கிடைகள் எழும்பித் தெற்கே திரும்பத் தொடங்கும். அப்போது கூடாப்பின் பழைய ஓலையைப் பிரித்து அந்த வயலோரத்திலேயே எரித்துவிட்டு, சிம்புகளை மட்டும் கொதிநீர் ஊற்றிக் காயவைத்துக் கொண்டு சென்றால் நலம். புது ஓலை வேய்வதற்கு இராமநாதபுரத்தில் பனைக்குப் பஞ்சமில்லை.