சிறுவர் சொன்ன பதில்

(யூபிலி விழாவின் முதல் நாள் மாலை, திருப்பலிக்குப் பின் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நம் பங்கின் வளர்ச்சியைப் பற்றிப் பேசும்படி விழாக் குழுவினர் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். எனக்கு முன் பேசியவர்கள் அதை நிறைவாகவே சொல்லிவிட்டார்கள். ஆகவே மனத்தில் வெகுநாளாக உறுத்திக்கொண்டிருக்கும் வேறொன்றைச் சொல்ல அனுமதி கேட்கிறேன்.

பழனிமலைக் கத்தோலிக்கருக்குச் சலேத் மாதாவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1866ஆம் ஆண்டு பிரெஞ்சு இயேசு சபைக் குருவாகிய சேன் சீர் சுவாமிகள் கோடைக்கானலில் அந்த அன்னையின் பெயரால் ஆலயம் எழுப்பினார். இன்றும் ஆகஸ்டு நடுவில் திருவிழா என்றால் சமவெளியிலிருந்து வண்டி வண்டியாக மக்கள் மலையேறி வருகிறார்கள். ஆனால் சலேத்தில் மாதா என்ன சொன்னார்? ஞானோபதேச வகுப்பில் ஒரு நாள் கேட்டேன். ஒரு சிறுமி மட்டும் எழுந்து, "அழுதாங்க சாமி" என்றாள். அந்த மட்டிலாவது தெரிந்திருந்ததே என்று மகிழ்ந்தேன்.

சலேத் நம் கோடைக்கானலைப் போல ஒரு மலை. உயரத்தில் சற்றுக் குறைவு, குளிரில் மிக அதிகம். 1846 செப்டம்பர் 19 அன்று மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு ஏழைப் பிள்ளைகள், பதினான்கு வயது மெலனி, பதினொரு வயது மாக்சிமின், முகத்தைக் கைகளில் புதைத்து அழுதுகொண்டிருந்த ஓர் அம்மையாரைக் கண்டார்கள். அவர் எழுந்து அவர்களோடு பேசினார். ஞாயிறு அனுசரிக்கப்படுவதில்லை, வண்டிக்காரர்கள் வாய் திறந்தால் தம் மகனின் பெயரைச் சொல்லி வைகிறார்கள், கோடையில் சில கிழவிகளே பூசைக்குப் போகிறார்கள், மற்றவர்கள் குளிர்காலத்தில் வேலையற்றுப் போனால் கோவிலுக்கு வருகிறார்கள், அதுவும் பரிகாசம் பண்ண. இவையே அன்னையின் துக்கம். உருளைக்கிழங்கு அழுகிப்போவதைப் பற்றியும் பேசினார். கருகல் நோயில் ஒரே வாரத்தில் தோட்டம் கறுத்துப்போவதைக் கண்ட நம் மேல்மலை விவசாயிகளுக்கு அந்தப் பேச்சு எளிதில் விளங்கும்.

பேச்சின் நடுவே அன்னை ஒரு கேள்வி கேட்டார். பிள்ளைகளே, செபங்களை ஒழுங்காகச் சொல்கிறீர்களா என்பதுதான் கேள்வி. அவ்வளவாக இல்லை அம்மா என்று இருவரும் சொன்னார்கள்.

சகோதரரே, சலேத் வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். எதிரே நிற்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் பெரியவர் ஒருவர் கேட்கும்போது "ஆமாம் அம்மா, தினமும்" என்று சொல்லிவிடுவதுதானே பிள்ளைகளின் வழக்கம்? நாமாயிருந்தால் என்ன சொல்லியிருப்போம்! தலைவெள்ளி நன்மை, குடும்ப செபமாலை, வேளாங்கண்ணிக்கு எத்தனை முறை நடந்தோம் என்ற கணக்கு, கெபிக்குக் கொடுத்த நன்கொடை, அதற்கான கல்வெட்டு. அன்னையோ அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. நேரமில்லாத நாளில் ஒரு பரலோக மந்திரமும் ஒரு மங்கள வார்த்தை மந்திரமுமாவது சொல்லுங்கள் என்றார். உண்மை சொன்னவர்களுக்குச் சிறிய பாரமே கொடுக்கப்பட்டது.

வெளிவேடம் என்னும் நம் சொல் கூத்தை நினைவூட்டுவது. ஆண்டவர் பரிசேயரைக் கண்டித்த சொல்லும் கிரேக்க மொழியில் மேடை நடிகனைக் குறிப்பதே. ஆனால் இதைப் பற்றிப் பேசும்போது ஓர் ஆபத்து உண்டு. நான் பேசப் பேச நீங்கள் ஒவ்வொருவரும் முன் பெஞ்சிலிருக்கும் யாரையோ நினைத்துக்கொண்டிருப்பீர்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். குடியை விட முடியாமல் தவித்து, ஞாயிறு பூசைக்கு வந்து கடைசித் தூணருகே நிற்கிறவர் வேடக்காரர் அல்லர். அவர் பலவீனர், ஆலயத்தின் பின்புறம் நின்று மார்பில் அறைந்துகொண்ட ஆயக்காரனின் உறவினர். தன் நிலையை மறைக்க முயலாதவரை யாரும் அப்பெயரால் அழைக்கக் கூடாது.

தனி மனிதரின் வேடத்தை விட என்னை அச்சுறுத்துவது, ஓர் ஊரே சேர்ந்து போட்டுக்கொள்ளும் வேடம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் ஆலயத்தைப் பற்றிப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரு பீடம், அதை நோக்கி இரண்டு பக்கமாக வந்து சேரும் இரண்டு மண்டபங்கள், இடையே சுவர். இரு சாதியாரும் பீடத்தைப் பார்க்கலாம். ஒருவரையொருவர் பார்க்க வேண்டியதில்லை. ஒரே அப்பத்தில் பங்குகொள்வதாக அறிக்கையிட்டுக்கொண்டே அப்படிக் கட்டினார்கள். கட்ட அனுமதித்தவர்கள் என்னைப் போன்ற குருக்கள்தாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உயர்ந்தவர் என எண்ணிக்கொண்டவர்கள் சுவர் வேண்டுமென்று வழக்குத் தொடுத்து, உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றார்கள். பழைய கதை என்பீர்கள். 2008 மார்ச்சில் எறையூரில் கத்தோலிக்கருக்குள்ளேயே நடந்த சாதி மோதலில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்கு இருவர் பலியானார்கள். 2016 டிசம்பரில் இந்திய ஆயர் பேரவை தலித் மக்களுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டபோது, தீண்டாமை சபைக்குள் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

இங்கே, நம் மலையில், அப்படிச் சுவர் ஏதும் இல்லை என்று உடனே சொல்லத் தோன்றுகிறது. அதனால்தான் என் கதையைச் சொல்கிறேன்.

குருப்பட்டம் பெற்ற புதிதில் சமவெளியில் ஒரு பங்கில் உதவிக் குருவாக இருந்தேன். சமத்துவம் பற்றி நன்றாகப் பிரசங்கம் செய்வேன், மக்களும் பாராட்டுவார்கள். திருவிழா நவநாள்களில் பெரிய தெருவில் எந்த வீட்டில் அழைத்தாலும் உட்கார்ந்து சாப்பிடுவேன். கோவிலுக்குக் கிழக்கே இருந்த தெருவிலும் அழைப்பார்கள். வீட்டை மந்தரித்து, பிள்ளைகளின் தலையில் கை வைத்து, "இப்போதுதான் சாப்பிட்டேன் அம்மா" என்று கிளம்பிவிடுவேன். யாரும் என்னைத் தடுத்ததில்லை. பெரிய தெருவார் முகம் சுளிப்பார்களோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு நான் சூட்டிய பெயர் விவேகம். மூன்றாம் நாள் ஒரு பாட்டி வாசல் வரை வந்து, "நேத்தும் அதையேதான் சொன்னீங்க சாமி. உங்களுக்குப் பசிக்கவே பசிக்காதா?" என்றார். கோபமாக அல்ல, மெதுவாகத்தான் கேட்டார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டேன். அன்றிரவு பங்கு இல்லத்தில் கட்டளைச் செபம் சொல்லும்போது ஒரு வரிகூட மனத்தில் ஏறவில்லை.

பத்து நாள் கழித்துத்தான் துணிவு வந்தது. போய், "பாட்டி, இன்றைக்குப் பசிக்கிறது" என்றேன். சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. பெரிய தெருவில் சிலர் சில நாள் முகம் திருப்பிக்கொண்டார்கள். நான் பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

யூபிலி நிறைவு நாளில் அன்பின் விருந்து ஏற்பாடாகிறது. நன்கொடையாளருக்கும் விருந்தினருக்கும் பங்கு இல்லத்தில் தனிப் பந்தி என்று குழுவினர் எழுதி வைத்திருந்தார்கள். அந்த வரியை அடித்துவிடும்படி நேற்றுக் கேட்டுக்கொண்டேன். சற்றுத் தயங்கி ஒப்புக்கொண்டார்கள். பந்தல் ஒன்றுதான். முதல் பந்தியில் எஸ்டேட் வேலையிலிருந்து வருகிறவர்களும் மேல்மலைக் கிராமங்களுக்குக் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் உட்காரட்டும். பந்தல் தூக்குவதும் இலை எடுப்பதும் எப்போதும் ஒரே குடும்பங்களின் தலையில் விழுகிறது. அந்தப் பட்டியலில் இந்த முறை என் பெயரையும் குழுத் தலைவர் பெயரையும் சேர்த்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார்.

இவ்வுரையை மலரில் அச்சிடக் கேட்டார்கள்; சம்மதித்தேன். விருந்தன்று நான் பங்கு இல்லத்துக்குள் தனியே அமர்ந்து சாப்பிடுவதைக் கண்டால், மலரைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வாருங்கள்.