தாடை வளரும் வயது
(நாலந்தாவில் நடந்த பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரை)



பல் வைத்தியத் துறைக்குப் போன பழைய மாணவிகள் நாங்கள். சமையல் குறிப்பு கேட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். பல்லைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டீர்கள்.

எல்லோரும் கன்னத்தில் கைவைத்துப் பல்லை இறுகக் கடியுங்கள். திரண்டு எழும்புவதுதான் மெல்லும் தசை. கீழ்த்தாடை பின்தங்கி, மேல் முன்பல் மிதந்து நிற்கும் பிள்ளைக்குக் கொடுக்கும் கழற்றி மாட்டும் பிளேட், இந்தத் தசைகளிடமிருந்துதான் வேலை வாங்குகிறது. டென்மார்க்கில் அன்ட்ரேசன் என்பவர் தம் மகளின் விடுமுறைக்காகத் தளர்வான பிளேட் ஒன்று செய்து கொடுத்தார். கம்பியின் இழுப்பே இல்லாமல் கடி திருந்தியிருந்ததைக் கண்டு அவரே வியந்தார். அதற்கு நூறு வருடங்களுக்கு மேலாகிறது, நம் சங்கத்தை விட மூத்த கதை!

இன்று அதிகம் பாவிப்பது, 1977இல் ஸ்கொட்லாந்தில் வில்லியம் கிளார்க் தொடங்கிய 'டுவின் புளொக்'. மேலும் கீழுமாக இரண்டு பிளேட்டுகள். அவற்றின் சரிவுகள் ஒன்றோடொன்று முட்டுவதால், வாயை மூடும்போது கீழ்த்தாடை முன்னுக்கு வந்தே ஆகவேண்டும். முதல் சில நாள் கன்னம் நோகும், எச்சில் ஊறும், பேச்சுக் குழறும். பிறகு தசை புது இடத்துக்குப் பழகிவிடும். சிகிச்சைக் காலத்தில் மெல்லும் தசை சற்று மெலிவதை அல்ட்ராசவுண்டில் அளந்தும் பார்த்திருக்கிறார்கள்.

தாடையே நீண்டுவிடும் என்று நாங்கள் வாக்குக் கொடுக்கமாட்டோம். மாற்றத்தில் பெரும்பகுதி பற்கள் சாய்வதால் வருவது. ஏழெட்டு வயதில் தொடங்கினாலும் பதின்ம வயதில் தொடங்கினாலும் முடிவு ஏறக்குறைய ஒன்றே என்று ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் முந்தித் தொடங்கிய பிள்ளைகளுக்கு, விழுந்து முன்பல் உடைவது குறைகிறது. ஓடிவிளையாடும் பிள்ளைக்கு அது சின்ன விடயமா?

ஆனால் எல்லையில்லாமல் தள்ளிப்போடவும் முடியாது. பெண் பிள்ளைகள் பன்னிரண்டு வயதளவில் கிடுகிடுவென வளர்வார்கள். பையன்கள் இரண்டு வருடம் பிந்தி. “ஓ.எல். முடியட்டும் டொக்டர்” என்று அம்மாமார் சொல்லும்போது எங்களுக்குத் திக்கென்றிருக்கும். அதற்குள் அந்த வளர்ச்சி போய்விடும்.

தூரமும் ஒரு தடைதான். நாலந்தாவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்கு இன்னொன்று. மாதாமாதம் ஒரு நாள் கூலி போகும். அதைவிடப் பெரிய தடை வகுப்பறைக் கேலி. பிளேட்டைக் கழற்றிப் பையில் ஒளித்துவைக்கும் பிள்ளையின் தசை பழைய இடத்துக்கே திரும்பும். ஆசிரியைகளாக இருக்கும் தங்கைமார் அந்தக் கேலியைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். பாடசாலைப் பற்சிகிச்சை நிலையத்தில் காட்டினால், எங்கே போகவேண்டும் என்று எழுதித் தருவார்கள். பிளேட் வைக்க மூடியுள்ள டப்பா ஒன்றும் வாங்கிக்கொடுங்கள். கடதாசியில் சுற்றி வைத்தால் குப்பையோடு போய்விடும்.