அடம் பிடிக்கும் பிள்ளை

(தொடர்கல்வி மையத்தில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



குஜராத் மாநிலத்தில் பாவ்நகர் என்று ஓர் ஊர் இருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்னால் அந்த ஊரில் ஒருவரை "மீசை வைத்த அம்மா" என்று அழைத்தார்கள். அவர் பெயர் கிஜுபாய் பதேகா. 1885ஆம் ஆண்டு பிறந்தவர். வக்கீல் தொழில் பார்த்தவர். 1913இல் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். இவனை எப்படி வளர்ப்பது என்ற கவலை வந்தது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பேசுவதைவிடப் பிரம்பு அதிகம் பேசும். மகனை அங்கே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

இத்தாலி நாட்டில் மரியா மாண்டிசோரி என்று ஒரு பெண் மருத்துவர் இருந்தார். குழந்தைகள் எப்படிக் கற்கிறார்கள் என்று அவர் எழுதிய புத்தகம் கிஜுபாய் கையில் கிடைத்தது. அதைப் படித்த பிறகு வக்கீல் தொழிலையே விட்டுவிட்டார். 1920இல் சின்னப் பிள்ளைகளுக்காகப் பாலமந்திர் என்ற பள்ளியைத் தொடங்கினார். அங்கே அடி இல்லை. கதை இருந்தது, பாட்டு இருந்தது, விளையாட்டு இருந்தது. 1939இல் அவர் இறந்தார். வாத்தியார்களுக்கு மட்டும் அல்ல, அம்மா அப்பாக்களுக்கும் நிறைய எழுதினார். பிள்ளை வளர்ப்பது படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய வேலை என்று சொன்னவர் அவர்.

சரி, வீட்டுக்கு வருவோம். அம்மாக்கள் முதலில் சொல்லும் குறை எது? "சாப்பிடவே மாட்டேன் என்கிறான்."

காலையிலிருந்து அவன் வாய்க்குள் என்ன போனது என்று எண்ணிப் பாருங்கள். எழுந்ததும் டீயும் ரொட்டியும். பிறகு தாத்தா வாங்கித் தந்த ஐந்து ரூபாய் பாக்கெட். நடுவில் ஒரு மிட்டாய். பிள்ளையின் வயிறு சின்னது. அதில் பாக்கெட் நிறைந்துவிட்டால் சோற்றுக்கு இடம் ஏது? அவன் அடம் பிடிக்கவில்லை. அவனுக்குப் பசியில்லை, அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்கு டீ வேண்டாம். சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் டீ தடுக்கும். இரும்பு குறைந்தால் பிள்ளை வெளுத்துப் போகும், சோர்ந்து கிடக்கும்.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும். தண்ணீர்கூட வேண்டாம். ஆறு மாதம் முடிந்ததும் வேறு உணவைத் தொடங்க வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது. இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் கொடுக்கலாம். முதலில் இரண்டு மூன்று கரண்டி. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம். ஒரு வயதுக்குமேல் முக்கால் கிண்ணத்திலிருந்து ஒரு கிண்ணம். ஒரு நாளைக்கு மூன்று நான்கு வேளை. பல வீடுகளில் பருப்புத் தண்ணீர், கஞ்சித் தண்ணீர் என்று தண்ணீரையே ஊற்றுகிறார்கள். தண்ணீரில் வயிறு நிறையும், உடம்பு தேறாது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாத அளவுக்குக் கெட்டியாக இருக்கட்டும். மசித்த பருப்பு, மசித்த கீரை, ஒரு சிறு கரண்டி எண்ணெய் அல்லது நெய், முடிந்தால் முட்டை. இவை எல்லாம் வீட்டில் உள்ளவைதான். டப்பாவில் விற்கும் மாவு வாங்கக் கடன் பட வேண்டாம்.

பிள்ளைக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். பெரியவர்கள் தட்டிலிருந்து ஊட்டினால் எவ்வளவு சாப்பிட்டான் என்றே தெரியாது. மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது கூடவே கூடாது. மூச்சுக்குழாயில் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. கீழே சிந்தினாலும் பரவாயில்லை, அவனே எடுத்துச் சாப்பிடட்டும். சிந்தியதைத் துடைப்பது பெரிய வேலையா?

நன்றாகச் சாப்பிட்ட பிள்ளை திடீரென்று மறுத்தால் அது வேறு விஷயம். காய்ச்சலா, வாயில் புண்ணா, வயிற்றில் பூச்சியா என்று பார்க்க வேண்டும். பூச்சி மாத்திரையை ஒரு வயது முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு அரசே இலவசமாகக் கொடுக்கிறது. அங்கன்வாடியிலும் பள்ளியிலும் கேளுங்கள்.

கண்ணால் பார்த்துப் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்று முடிவு செய்யாதீர்கள். தராசுதான் உண்மை சொல்லும். ஒரு வயது முடியும்போது பிறந்த எடையைப்போல் சுமார் மூன்று மடங்கு இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பார்த்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். கோடு மேலே ஏறினால் சரி. இரண்டு மாதம் ஏறாமல் நின்றாலோ, கீழே இறங்கினாலோ சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மெலிந்த பிள்ளைக்குச் சாதாரணச் சளியும் வயிற்றுப்போக்கும்கூட எமனாக வரும்.

அங்கன்வாடி என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. கிஜுபாயுடன் வேலை செய்தவர் தாராபாய் மோதக் என்ற அம்மையார். அவர் 1945இல், இன்றைய மகாராஷ்டிரத்தில் உள்ள போர்டி என்ற ஊரில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். பழங்குடிப் பிள்ளைகள் வரவில்லை. ஆடு மாடு மேய்க்க வேண்டும், தம்பி தங்கையைப் பார்க்க வேண்டும். எப்படி வருவார்கள்? அப்படியானால் பள்ளி அவர்கள் வீட்டு முற்றத்துக்குப் போகட்டும் என்றார் தாராபாய். அங்கன் என்றால் முற்றம். பின்னால் 1975ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் அரசு 33 வட்டாரங்களில் குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அந்த மையங்களுக்கும் அந்தப் பெயரே நிலைத்தது.

அடுத்த குறை, கடைத்தெருவில் தரையில் விழுந்து புரளும் பிள்ளை. நாலு பேர் பார்க்கிறார்கள். மானம் போகிறது. ஓங்கி ஒன்று வைத்தால் என்ன என்று தோன்றும்.

இரண்டு வயதுப் பிள்ளைக்கு ஆசை நிறைய உண்டு. அதைச் சொல்ல வார்த்தை இல்லை. அதனால் கையும் காலும் பேசுகின்றன. பசியோ தூக்கமோ சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளை, பகல் தூக்கத்தையும் சேர்த்து, பத்து மணி நேரத்துக்குக் குறையாமல் தூங்க வேண்டும். சந்தைக்குக் கிளம்பும் முன்னே வயிற்றுக்கு ஏதாவது கொடுங்கள். "இன்று பொம்மை வாங்க மாட்டோம், வாழைப்பழம் வாங்குவோம்" என்று வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். சொன்னபடி வாழைப்பழம் வாங்குங்கள். அழுதால் பக்கத்தில் உட்காருங்கள். கத்த வேண்டாம். கெஞ்சவும் வேண்டாம். அழுகை ஓயும். அம்மா மறுத்ததை அப்பா வாங்கித் தந்தால் என்ன நடக்கும்? அழுதால் கிடைக்கும் என்ற பாடத்தைப் பிள்ளை ஒரே நாளில் படித்துவிடும். நீங்கள் எழுத்துப் படித்ததைவிட வேகமாகப் படித்துவிடும்!

இந்த இடத்தில் அப்பாக்கள் சிலர் பீடி குடிக்க எழுந்து போவது வழக்கம். கொஞ்சம் உட்காருங்கள். இனி வருவது உங்களுக்கும்தான்.

அழுகையை நிறுத்தக் கையில் செல்போனைக் கொடுப்பது இப்போது எல்லா வீட்டிலும் நடக்கிறது. இரண்டு வயது வரை அதைக் காட்டவே கூடாது. ஐந்து வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். மருத்துவர்கள் சொல்லும் கணக்கு இது. அப்பா கையில் எந்நேரமும் போன் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

"சாப்பிடாவிட்டால் போலீஸ்காரரிடம் பிடித்துக் கொடுப்பேன்" என்று சொல்லாத வீடு உண்டா? நாளை திருவிழாக் கூட்டத்தில், ரயில் நிலையத்தில் பிள்ளை தொலைந்து போகிறது. உதவிக்குப் போலீஸ்காரர் வருகிறார். பிள்ளை என்ன செய்யும்? ஓடி ஒளியும். அந்த ஒரு பயமுறுத்தல் பிள்ளையை வீடு சேர விடாமல் செய்துவிடும். அம்மா பெயர், அப்பா பெயர், ஊர்ப் பெயர், போன் எண் இவற்றைப் பாட்டாகப் பாடிச் சொல்லிக் கொடுங்கள். மூன்று நான்கு வயதில் பாட்டு மனதில் ஒட்டிக்கொள்ளும். ஊசி போடும் முன்னே "வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். கொஞ்சம் வலிக்கும், அம்மா பிடித்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள்.

"அடியாத மாடு படியாது" என்பார்கள். பிள்ளை மாடு இல்லை. அடித்தால் அந்த நிமிடம் அடங்கும், உண்மைதான். பிறகு என்ன நடக்கும்? டம்ளரை உடைத்தவன் பூனை உடைத்தது என்பான். பொய்யை அவனுக்குக் கற்றுக் கொடுத்தது யார்? பிரம்புதான். பள்ளியில் பிள்ளையை அடிக்கவோ மனம் நோகப் பேசவோ கூடாது என்று 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. "நன்றாக நாலு போடுங்கள் சார்" என்று வாத்தியாரிடம் சொல்லி வரும் அப்பாவுக்கு இது தெரிய வேண்டும்.

டம்ளர் உடைந்தது போகட்டும். உறவுக்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, வேறு யாரோ பிள்ளையைத் தொடக்கூடாத விதத்தில் தொடுகிறார் என்று வையுங்கள். பெண் பிள்ளைக்கு மட்டும் அல்ல, ஆண் பிள்ளைக்கும் இது நடக்கிறது. அடிக்குப் பயந்த பிள்ளை வீட்டில் வாய் திறக்காது. தன்மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும். நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று படுக்கையை நனைத்தால், ஒரு வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அழுதால், அடம் என்று தள்ளிவிடாதீர்கள். மடியில் வைத்துக் கேளுங்கள். சொன்னால் நம்புங்கள். "ஏன் அங்கே போனாய்?" என்று மட்டும் கேட்காதீர்கள். 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இதற்காகவே வந்தது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும் காரியம் அல்ல இது. போலீசில் சொல்ல வேண்டும்.

குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இரவும் பகலும் பேசலாம். காசு இல்லை. சிலேட்டில் எண் எழுதிப் பழகியவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வீட்டுக்குப் போனதும் கதவில் சாக்பீஸால் பெரிதாக எழுதி வையுங்கள். பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் எழுதுங்கள்.