குளத்து நீரும் திறைசேரிப் பணமும்

(படுவான்கரை விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



படுவான்கரையிலே நின்று நாட்டின் வரவு செலவுத் திட்டத்தைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். கொழும்பிலே நிதியமைச்சர் வாசிப்பார். எந்தப் பொருள் விலையேறும், எது இறங்கும் என்று மட்டும் கேட்டுவிட்டு நாம் வயலுக்குப் போவோம். இதுவே நம் வழக்கமாயிருந்து வருகின்றது. இவ்வழக்கத்தை மாற்றவேண்டுமென்று கேட்கவே இன்று வந்திருக்கின்றோம்.

இதற்காகப் புதிதாக எதனையும் நீங்கள் கற்கவேண்டியதில்லை. உன்னிச்சையிலும் உறுகாமத்திலும் நவகிரியிலும் போகத்துக்கு முன்னர் ஆரம்பக் கூட்டம் நடைபெறுகின்றது. அரசாங்க அதிபர் தலைமை தாங்குவார். குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கின்றதென்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் கூறுவார். அந்த நீருக்கு எத்தனை ஏக்கர் செய்யலாம், எந்தக் கண்டத்துக்கு முதலில் பாய்ச்சுவது, விதைப்பு எந்தத் திகதிக்குள் முடியவேண்டும், மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது என்றெல்லாம் நீங்கள் வாதாடுவீர்கள். சில வேளை சண்டையும் வரும். இங்கு வந்திருக்கும் வட்டவிதானைமார் அதனை நன்கறிவர். ஆயினும் முடிவு எழுதப்பட்டபின் அது போடியாரையும் கட்டுப்படுத்தும், முல்லைக்காரனையும் கட்டுப்படுத்தும். 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம் அதற்கு வலுக் கொடுத்திருக்கின்றது.

குளத்து நீரைப் பங்கிடும்போது உங்கள் படிப்பு என்ன என்று எவரும் கேட்பதில்லை. திறைசேரிப் பணத்துக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? 2024ஆம் ஆண்டு தை மாதத்தில் 18 வீதமாக உயர்த்தப்பட்ட பெறுமதிசேர் வரியை, கடையிலே பொருள் வாங்கும் கூலிக்காரனும் செலுத்தினான். கொடுத்தவன் கேட்கின்றான் என்பதல்லாமல் இதிலே வேறென்ன துணிச்சல் இருக்கின்றது?

கேளாமற் செய்ததன் பயனை நாம் அனுபவித்திருக்கின்றோம். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. ஓர் ஆரம்பக் கூட்டத்திலேனும் அதனை வைத்து உழவனின் கருத்தைக் கேட்டிருந்தால், ஏக்கருக்கு எத்தனை மூடை குறையும் என்பதை அன்றே சொல்லியிருப்பான். நவம்பரிலே தடை தளர்த்தப்பட்டது. அப்போது நம் வட்டைகளில் விதைப்புப் பெரும்பாலும் முடிந்துவிட்டது. விளைச்சல் வீழ்ந்தது. பின்னர் நட்டஈட்டுக்கும் அரிசி இறக்குமதிக்கும் அதே திறைசேரி பணம் தேடவேண்டியதாயிற்று. 2022 ஏப்ரல் 12ஆம் நாள், வெளிநாட்டுக் கடன்களைக் கட்ட இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது.

அவ்வேளையில் குடிமக்கள் சிலர் உயர் நீதிமன்றத்தை நாடினர். அவர்களுள் ஒருவர் வர்த்தகத் துறையைச் சேர்ந்த சந்திரா ஜயரத்ன. மற்றொருவர் ஒலிம்பிக்கில் நீந்திய ஜூலியன் போலிங். தமக்கென நட்டஈடு கேட்டு அவர்கள் வழக்காடவில்லை. நாட்டின் நிதியை நடத்தியவர்கள் பொதுமக்கள் நம்பிக்கையை மீறினர் என்று நீதிமன்றம் கூறவேண்டுமென்றே கேட்டனர். 2023 நவம்பர் 14ஆம் நாள் நீதியரசர்களுள் பெரும்பான்மையோர் அவ்வாறே கூறினர். முன்னாள் ஜனாதிபதிமார் இருவரும் அத்தீர்ப்புக்கு உட்பட்டனர். வழக்கறிஞர் என்ற முறையில் அத்தீர்ப்பை நாம் போற்றுகின்றோம். ஆனால் அரிந்த வயலுக்கு நீர் பாய்ச்சுவதுபோல, அது நட்டத்தின் பின்னரே வந்தது.

ஆதலால் முன்னரே கேட்கவேண்டும். எப்போது? இங்கேதான் நம்மவர் பலர் தவறுகின்றனர். அரசியலமைப்பின் 148ஆம் உறுப்புரை பொது நிதியின் முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கு அளிக்கின்றது. ஆனால் 152ஆம் உறுப்புரைப்படி, பணஞ் செலவிடும் சட்டமூலத்தை அமைச்சரவையின் அங்கீகாரத்துடன் ஓர் அமைச்சரே கொண்டுவரலாம். நீங்கள் தெரிந்தனுப்பிய உறுப்பினர் நவம்பரிலே எவ்வளவு முழங்கினாலும், நம் குளக்கட்டுக்கென ஒரு ரூபாயைத் தாமாகச் சேர்க்க இயலாது. மதிப்பீடுகள் திணைக்களங்களிலும் மாவட்டச் செயலகத்திலும் தயாராகும் மாதங்களிலேயே நம் கடிதம் அங்கே இருக்கவேண்டும். வரவு செலவுத் திட்டத்துக்குப் பொதுமக்களின் யோசனைகளைக் கோரி நிதியமைச்சு அறிவித்தல் விடுப்பதுமுண்டு. அதற்குப் படுவான்கரையிலிருந்து எத்தனை பேர் எழுதியிருக்கின்றீர்கள்? கை உயர்த்துங்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை.

மாகாண சபையாவது நமக்காகக் கேட்குமென்றால், கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அதன்பின் தேர்தலின்றி ஆண்டுகள் பல சென்றன. போர் 2009இல் முடிந்தது. பாதுகாப்புச் செலவோ ஆண்டுதோறும் பெருந்தொகைகளுள் ஒன்றாகவே இருந்து வந்திருக்கின்றது. 2030க்குள் இராணுவத்தை ஓர் இலட்சம் பேராகக் குறைப்பதென்று 2023இல் அரசாங்கமே கூறியது. அவ்வாறு மிஞ்சும் பணம் எங்கே போகும் என்று கேட்பது துரோகமாகாது.

வாவியைப் பாருங்கள். மண்முனையிலே 2014இல் பாலம் திறக்கப்படும்வரை நோயாளியும் நெல்மூடையும் பாதைக்காகத் துறையிலே காத்திருந்தனர். 2021 நவம்பர் 23ஆம் நாள், கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாதிருந்த காலத்திலே, பாதை கவிழ்ந்து பள்ளிக்குச் சென்ற பிள்ளைகள் மாண்டனர். மதிப்பீட்டிலே ஒரு வரி பிந்துவதன் பொருள் இதுவே. அங்கே இறந்தவர்கள் நம் முஸ்லிம் சகோதரரின் பிள்ளைகள். இக்கோரிக்கையில் ஏறாவூரும் காத்தான்குடியும் நம்முடன் நிற்கவேண்டும், நாமும் அவர்களுடன் நிற்கவேண்டும்.

எனவே ஒவ்வொரு விவசாய அமைப்பும் ஒரே ஒரு தாள் எழுதட்டும். எந்தக் குளக்கட்டு, எந்த வாய்க்கால், எங்கே யானை வேலி, எத்தனை குடும்பம், எத்தனை ஏக்கர் என்று அதிலே இருக்கட்டும். புகழுரை வேண்டாம், 'தயைகூர்ந்து' என்ற சொல் ஒருமுறை போதும். இங்கிருக்கும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் செலவைக் கணித்துத் தருவார்கள். சென்ற ஆண்டுகளில் நம் பெயரால் ஒதுக்கப்பட்டது என்ன, செலவானது என்ன என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்க் கேட்கும் விண்ணப்பங்களை நாம் எழுதுவோம். அதற்குக் கட்டணம் வாங்கமாட்டோம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தம் தீர்மானத்தைக் கூறவேண்டும். கூறாவிடில் மேன்முறையீடு செய்வதும் எம் வேலை. வட்டவிதானைமார் கூட்டம் கலையுமுன் தத்தம் கண்டத்தின் பெயரைப் பதிந்துவிட்டுச் செல்லவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.